குடி, கஞ்சா வழக்கில் கோர்ட் கண்காணிப்பு: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷமாக வக்கீல் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை, வாதாடத் தெரியாது. ஆனால் எந்தப் பேப்பரை யாரிடம் எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும், வாய்தா தவறினால் மறுநாள் காலையில் முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கண்டனூர், புதுவயல், பள்ளத்தூர், கல்லல் என்று எல்லாப் பக்கமிருந்தும் அம்மாக்களும் மனைவிமாரும் மச்சான்களும் வந்து நின்று கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: குடியிலோ கஞ்சாவிலோ மாட்டின எங்கள் வீட்டு ஆளைக் கோர்ட் வெளியே விட்டிருக்கிறது, இனி என்ன செய்ய? ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். உங்கள் வழக்கில் உங்கள் வக்கீல் சொல்வதே கடைசி வார்த்தை, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: "கண்காணிப்பில் விட்டிருக்கிறார்கள்" என்கிறார்கள். அப்படியென்றால் போலீஸ் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்குமா?

முதலில் எந்தக் கண்காணிப்பு என்று பாருங்கள். நம் ஊரில் நாலு வேறு வேறு விஷயங்களை ஒரே பெயரில் சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம். வழக்கு முடியவில்லை, ஜாமீனில் விட்டுத் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் அது கண்டிஷன் பெயில். அங்கே பார்ப்பது போலீஸ். வழக்கு முடிந்து, குற்றவாளி என்று தீர்ப்பும் ஆகி, ஆனாலும் ஜெயிலுக்கு அனுப்பாமல் 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டப்படி எழுதி வாங்கிக்கொண்டு விட்டிருந்தால் பார்ப்பவர் நன்னடத்தை அலுவலர். அவர் போலீஸ் இல்லை, காக்கியும் போட்டு வரமாட்டார். மூன்றாவது, 1985ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவு. அதில் "சிகிச்சைக்குப் போய்விட்டு வா" என்று விடுகிறார்கள், சிகிச்சையைப் பார்ப்பது ஆஸ்பத்திரி, கணக்குக் கேட்பது கோர்ட். நாலாவது, தேவகோட்டையில் கோட்டாட்சியர் முன்னால் "இனி ஒழுங்காக இருப்பேன்" என்று எழுதிக் கொடுப்பது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 110ஆம் பிரிவு, நாங்கள் இன்னும் பழக்கத்தில் "நூற்றிப்பத்து" என்றே சொல்கிறோம், 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில் அது 129ஆம் பிரிவு. அது தண்டனை இல்லை, முன்னெச்சரிக்கை. ஆனால் எழுதிக் கொடுத்ததை மீறினால் சும்மா விடமாட்டார்கள்.

ஆகவே உத்தரவு நகலை வாங்குங்கள். "ஐயா வாயால் சொன்னார், நான் கேட்டேன்" என்று வந்து நிற்காதீர்கள். நகல் கையில் இல்லாமல் என்னிடம் கேட்டால் நானும் ஊகமாகத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: டாஸ்மாக்கில் அரசாங்கமே விற்கிறது. அதை வாங்கிக் குடித்தவன் மேல் எதற்கு வழக்கு?

கேட்காத ஆள் இல்லை. குடித்ததற்கு வழக்கு இல்லை, குடித்துவிட்டுச் செய்ததற்குத்தான். பொது இடத்தில் போதையில் பிறருக்குத் தொந்தரவு கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 355ஆம் பிரிவில் 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், இல்லாவிட்டால் சமூக சேவை. வண்டி ஓட்டினால் கதை வேறு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவை 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ, மறுபடி மாட்டினால் 2 வருஷம், 15,000 வரை போகும். அடிதடி வழக்கில் "போதையில் என்ன செய்தேன் என்றே தெரியவில்லை ஐயா" என்பது எடுபடாது. தானாகக் குடித்தவனை, தெளிவாக இருந்தவனுக்கு என்ன தெரிந்திருக்குமோ அது தெரிந்தவனாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கஞ்சா அப்படி இல்லை. உட்கொள்வதே குற்றம். போதைப் பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். ஹெராயின், கொக்கைன் என்றால் ஒரு வருஷம், 20,000.

கேள்வி: என் தம்பியிடம் இருந்தது ஐம்பது கிராம் கஞ்சாதான். பெரிய கேஸா?

கஞ்சாவுக்கு ஒரு கிலோவுக்குக் கீழே சிறு அளவு, 20 கிலோவுக்கு மேலே வணிக அளவு. ஹெராயினுக்கு இது 5 கிராம், 250 கிராம். வணிக அளவில் மாட்டினால் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், ஜாமீன் குதிரைக்கொம்பு, விசாரணையும் சிறப்பு நீதிமன்றத்தில்தான். ஐம்பது கிராம் சிறு அளவு. கீழே எழுதியிருப்பதெல்லாம் இப்படிச் சிறு அளவில் மாட்டின, பழக்கத்துக்கு அடிமையான ஆட்களுக்கு. விற்கிறவர்களுக்காக நான் எழுதவில்லை, அவர்கள் என்னைத் தேடி வருவதும் இல்லை.

கேள்வி: சிகிச்சைக்குப் போனால் வழக்கே இல்லாமல் போகும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை, அந்தப் பாதியும் நிறைய பேருக்குத் தெரியாது. போதைப் பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உட்கொண்டதற்கோ சிறு அளவுக்கோ வழக்கில் இருக்கும் அடிமைப்பட்ட ஆள், தானாக முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துகிற அல்லது அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்கு அவர் மேல் வழக்கு நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் பாதியில் ஓடிவந்தால் அந்தச் சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். "தானாக முன்வந்து" என்ற வார்த்தையில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாலும் உள்ளே போய்ச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியது அவன்தான்.

39ஆம் பிரிவு, தீர்ப்பு ஆன பிறகு. குற்றம் நிரூபணமாகிவிட்டது, ஆனால் ஆள் அடிமை என்று தெரிகிறது, அவனும் சம்மதிக்கிறான் என்றால் உடனே சிறைக்கு அனுப்பாமல் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு விடலாம். ஒரு வருஷத்துக்குள் சிகிச்சை என்ன ஆனது என்ற அறிக்கையோடு கோர்ட்டில் வந்து நிற்க வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால் கண்டித்து, இனி போதைப் பொருள் குற்றம் எதுவும் செய்யமாட்டேன் என்று மூன்று வருஷம் வரைக்கும் இன்னொரு பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம், வக்கீல்களே சில நேரம் தடுமாறுவார்கள். 1958 நன்னடத்தைச் சட்டம் போதைப் பொருள் வழக்குகளில் பொதுவாகச் செல்லாது. 18 வயதுக்குக் கீழே இருந்தாலோ, 26 அல்லது 27ஆம் பிரிவாக இருந்தாலோ மட்டும்தான். ஆகவே வைத்திருந்ததற்கு 20ஆம் பிரிவில் தீர்ப்பானால் நன்னடத்தைச் சட்டத்தைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, 39ஐக் கேட்க வேண்டும்.

அறிக்கை விஷயத்தில் நான் பட்ட பாடு ஒன்று. ஒரு பையன், இருபத்து மூன்று வயது, மூன்று வாரம் உள்நோயாளியாக இருந்து நன்றாகவே தேறி வந்தான். வருஷம் முடிய எட்டு நாள் இருக்கும்போது அவன் அப்பா ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். மாத்திரை அட்டைகள், கசங்கின ஓ.பி. சீட்டு நாலு, மெடிக்கல் பில், கூடவே ஒரு பஸ் டிக்கெட். டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. கேட்டால், "அதைத்தான் எலி கடிச்சிருச்சு தம்பி" என்றார். பிறகு ஆஸ்பத்திரிக்கு அலைந்து, ரெக்கார்டு அறையில் நின்று, டாக்டர் லீவில் இருந்து வரக் காத்திருந்து, கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் கிடைத்தது. சேர்ந்த தேதி, என்ன பாதிப்பு, என்ன சிகிச்சை, வெளியே வந்த தேதி, அப்புறம் எத்தனை தடவை வந்து காட்டினார், இந்த ஐந்தும் டாக்டர் கையெழுத்து, முத்திரையோடு ஒரே தாளில் இருக்க வேண்டும். வாங்கின அன்றைக்கே மூன்று ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். வக்கீல் ஆபீஸிலும் எலி உண்டு, ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் கடிக்காது.

கேள்வி: நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருகிறாராம். என்ன சொல்ல வேண்டும், என்ன மறைக்க வேண்டும்?

மறைக்காதீர்கள். ஆள் எப்படிப்பட்டவன், வீடு எப்படி, வேலை என்ன என்று அவர் கொடுக்கும் அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் கோர்ட் முடிவெடுக்கும். ஆளுக்கோ ஜாமீன்தாருக்கோ நிலையான வீடோ ஒழுங்கான தொழிலோ இருக்கிறதா என்பதைச் சட்டமே பார்க்கச் சொல்கிறது. வாடகை வீடு, கூலி வேலை என்றாலும் குறையில்லை. இருப்பதை இருப்பதாகச் சொன்னால் போதும்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வேலைக்காரர் ஒருவர் வழக்கு. அடிதடி, குடிபோதை. அலுவலர் வீட்டுக்குப் போனபோது மனைவி, "இப்பல்லாம் தொடுறதே இல்லைங்க" என்று சொல்லிவிட்டார். அவர் தலையாட்டிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனார். ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்வார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தட்டின் மேல் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கலர் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். கை துளி ஆடினாலும் பச்சை சிவப்புக்குள் ஓடிவிடும். முதலாளி ஒன்றுமே சொல்லவில்லை. அந்த வாரம் அவர் ஊற்றின கற்களை ஓரமாகத் தனியாக அடுக்கி வைத்திருந்ததைக் காட்டினார், அவ்வளவுதான். இதழெல்லாம் கலங்கியிருந்தன. காலையில் கை நடுக்கம் நிற்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அறிக்கையில் குடி நிற்கவில்லை என்று வந்தது. ஆனால் அதோடு, வேலையில் இருபது வருஷமாக இருக்கிறார், முதலாளி திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தயார், சிகிச்சை அவசியம் என்றும் இருந்தது. கோர்ட் விட்டது. மதுவைத் தொடக் கூடாது, மாதா மாதம் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டு விட்டது. போதைப் பொருளையும் மதுவையும் விலக்கி வைக்கச் சொல்லி நிபந்தனை போட நன்னடத்தைச் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்த அம்மா உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

காலம் எவ்வளவு என்று கேட்பீர்கள். பத்திரம் மூன்று வருஷத்துக்கு மேல் போகாது. அலுவலரின் மேற்பார்வையில் விட்டால் அது ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. நடத்தை நன்றாக இருந்தால் அலுவலரே மனுப் போட்டுப் பத்திரத்தை முன்கூட்டியே முடித்துவைக்கவும் வழி இருக்கிறது.

கேள்வி: ரிமாண்டில் இருக்கிறான். பத்து நாள் உள்ளே இருந்தால் குடி தானாக நின்றுவிடும், இல்லையா?

இல்லை. இது ஆபத்தான நினைப்பு. பல வருஷம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. முதல் நாளே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகச் சொல்வார்கள், காய்ச்சல் ஏறும், படபடப்பு கூடும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதை நடிப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "பேய் பிடித்திருக்கு" என்று திருநீறு போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கைது ஆன உடனே, ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போதே, இவர் தினமும் குடிக்கிறவர், கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, இந்த மூன்றையும் வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனை செய்கிற டாக்டரிடமும் சொல்லுங்கள். மானம் போகிறது என்று வாயை மூடிக்கொள்ளும் நேரம் அது இல்லை. ஜெயிலிலும் டாக்டர் உண்டு, ஆனால் அவருக்கு ஜோசியம் தெரியாது.

கேள்வி: மாலை போட்டுவிட்டான், 48 நாள் தொடவே இல்லை. இனிச் சிகிச்சை எதற்கு? கோர்ட்டில் அதைச் சொன்னால் போதாதா?

குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தை வருஷா வருஷம் பார்க்கிறவன் நான். மாலை போட்டு, விரதம் இருந்து, அதோடு குடியை விட்டவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். குறைத்துப் பேசமாட்டேன். கோயிலில் கயிறு கட்டி நிறுத்தினவர்களும் உண்டு. ஆனால் இரண்டு விஷயம். அளவு மீறிக் குடிக்கிறவர் டாக்டரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தி மாலை போட்டால், மேலே சொன்ன வலிப்பும் தடுமாற்றமும் விரதக்காரர் என்று பார்த்து ஒதுங்கிப் போகாது. இரண்டாவது, மாலையைக் கழற்றுகிற நாள். நாற்பத்தெட்டு நாள் அடக்கி வைத்தது அன்றைக்குச் சாயங்காலமே அவிழ்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கோர்ட்டுக்கு வேண்டியது டாக்டர் பேப்பர். மாலையைப் பற்றியும் சொல்லுங்கள், நன்னடத்தை அலுவலரிடம் கட்டாயம் சொல்லுங்கள், குடும்பமும் ஊரும் கூட நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். ஓ.பி. சீட்டுக்குப் பதில் ஆகாது, அவ்வளவுதான்.

கேள்வி: கண்காணிப்பில் இருக்கும்போது ஒரு நாள் குடித்துவிட்டான். இனி ஜெயில்தானா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், ஏனென்றால் இங்கே எடுக்கும் முடிவில்தான் பலர் கெடுகிறார்கள். ஒரு தடவை விழுந்தவனைக் கோர்ட் பொறுத்துக்கொண்டதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காணாமல் போனவனைப் பொறுத்துக்கொண்டதைப் பார்த்தது குறைவு. ஆனால் நம் ஆட்கள் செய்வது என்ன? ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டான், திங்கட்கிழமை வாய்தா, வாயில் வாடை அடிக்கும் என்று பயந்து வரமாட்டான். வரவில்லை என்றால் பிடிவாரண்டு. பிடிவாரண்டு என்று கேள்விப்பட்டதும் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிவிடுவான். அங்கே போய் இன்னும் குடிப்பான். ஒரு குவாட்டரில் ஆரம்பித்தது ஆறு மாதத்துத் தலைமறைவாகி, ஜாமீன்தாரின் நிலத்துக்கு நோட்டீஸ் வரைக்கும் வந்துவிடும்.

குடித்துவிட்டானா, அன்றைக்கே வக்கீலிடம் சொல்லுங்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சீட்டு வாங்குங்கள். நன்னடத்தை அலுவலருக்குப் போன் போடுங்கள், அவர் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நீங்கள் சொன்னதாக இருக்கட்டும். 1958 சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள். நிபந்தனை மீறினால் பழைய குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கலாம், ஆனால் முதல் தடவை என்றால் பத்திரத்தை அப்படியே ஓடவிட்டு 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடவும் கோர்ட்டுக்கு இடம் இருக்கிறது. இன்றைக்கு ஐம்பது ரூபாய்க்கு இரண்டு பேர் வடையும் டீயும் சாப்பிடலாம். அந்தத் தொகையை 1958இலிருந்து அப்படியே வைத்திருப்பது சிரிப்பாக இருந்தாலும், முதல் வழுக்கலிலேயே ஆளை உள்ளே தள்ளிவிட வேண்டியதில்லை என்ற நினைப்பு அந்தச் சட்டத்தில் இருந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 39ஆம் பிரிவில் விட்டவர்களுக்கு இந்த ஐம்பது ரூபாய் வழி இல்லை, அங்கே சிகிச்சை அறிக்கையும் அடுத்த குற்றம் இல்லாததும்தான் பேசும்.

கேள்வி: ஒரு தனியார் மறுவாழ்வு நிலையத்தில் மூன்று மாதத்துக்கு அடைத்து வைக்கிறார்களாம். சேர்க்கலாமா?

முதலில் பதிவு இருக்கிறதா, அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்துக் காகிதம் 39க்கும் 64ஏவுக்கும் செல்லாது. பணமும் போய், மூன்று மாதமும் போய், கோர்ட்டில் வெறுங்கையோடு நிற்பீர்கள். அப்புறம், 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருளால் வரும் மனநலப் பாதிப்பையும் சேர்த்தே பேசுகிறது. அந்தச் சட்டத்தில் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. கட்டுகிறார்கள், அடிக்கிறார்கள், போன் பேச விடவில்லை என்றால் அது சிகிச்சை இல்லை. காரைக்குடிக்காரர்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், செலவு டிக்கெட் காசு. மனநலப் பிரிவு என்று போர்டு இருக்கிறதே என்று தயங்காதீர்கள். எங்கே போவது என்று புரியவில்லை என்றால் 14446க்குப் போன் செய்யுங்கள், போதை மீட்புக்கான தேசிய இலவச எண்.

கேள்வி: அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மருந்து கலக்கலாமா?

கூடாது. குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போகும்படி செய்கிற மாத்திரை ஒன்று உண்டு, டைசல்பிராம். சாப்பிட்டிருப்பதே தெரியாமல் ஒருவர் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்புறம் வழக்கு உங்கள் மேல் வரும்.

கேள்வி: கண்டிஷன் பெயிலில் தினமும் காலை 10:30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து. வேலைக்கே போக முடியவில்லை.

சில வாரம் ஒழுங்காகப் போட்டபின் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடலாம், கொடுக்கிறார்கள். அதுவரை ஒரு நாள்கூட விடாதீர்கள். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு. கையெழுத்துப் போட்டதற்கு உங்களிடமும் ஒரு நோட்டு இருக்கட்டும், தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். ஸ்டேஷன் நோட்டு எங்கேயோ போய்விட்டது என்று ஒரு வழக்கில் நாங்கள் பட்டது போதும். போனில் இருக்கும் இடத்தைப் போலீசுக்குத் தொடர்ந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஜாமீன் நிபந்தனை போடுவது சரியில்லை என்று 2024 ஜூலையில் ஒரு போதைப் பொருள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி எதுவும் உத்தரவில் இருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான்தான் அவருக்கு ஜாமீன்தார். இப்போது என்னையே அடிக்கிறார். என்ன செய்வேன் அண்ணே?

இந்தக் கேள்வியை எந்தத் தங்கச்சியும் சத்தமாகக் கேட்டதில்லை. மற்றவர்கள் டீக்கடைக்குப் போன பிறகுதான் கேட்பார்கள். பதில்: ஜாமீன் கொடுத்துவிட்டோம் என்பதற்காக அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஜாமீனிலிருந்து விலகிக்கொள்ள எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். அவர் வேறு ஜாமீன்தாரைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போக வேண்டும். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும், அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். அவசரம் என்றால் 181. வக்கீல் வைக்கக் காசு இல்லை என்றால் சட்ட உதவி மையம், பெண்களுக்கு வருமானமே பார்க்கமாட்டார்கள், எண் 15100.

"அவர் நல்லவர்தான், குடிச்சாத்தான் இப்படி" என்று கூடவே சொல்வார்கள். இருக்கட்டும். அவர் தெளிகிற வரைக்கும் நீங்கள் உங்கள் அம்மா வீட்டில் இருங்கள்.

கேள்வி: பையனுக்கு 17 வயது.

அப்படியென்றால் பெரியவர்கள் கோர்ட்டே இல்லை, இளைஞர் நீதிக் குழுமம். பள்ளிச் சான்றிதழை முதல் நாளே காட்டுங்கள். சிறுவனுக்குச் சாராயமோ போதைப் பொருளோ கொடுத்தவருக்கு 7 வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு, யார் கொடுத்தது என்று பையன் வாயிலிருந்து வரட்டும்.

கேள்வி: சிங்கப்பூர் வேலைக்கு விசா தயார். கேஸ் நடக்கும்போது போகலாமா?

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டே சிக்கல், கோர்ட் அனுமதி இல்லாமல் போனால் பிடிவாரண்டு விமான நிலையத்திலேயே காத்திருக்கலாம். அனுமதி கேட்டு மனுப் போடலாம், எத்தனை மாதம், எங்கே வேலை, வாய்தாவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பார்கள். நன்னடத்தையில் விடுதலை ஆனவருக்கு அந்தத் தீர்ப்பால் சட்டத் தகுதியிழப்பு வராது என்று நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. அரசு வேலையில் இருப்பவர்கள் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட வேண்டாம், துறை நடவடிக்கை தனியாக வரலாம். இன்னொன்று, கஞ்சாப் பழக்கம் விடாத ஆளைச் சிங்கப்பூருக்கு அனுப்பாதீர்கள். அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ உள்ளவர் வெளிநாட்டில் உட்கொண்டாலும் அங்கே குற்றம். அந்த ஊர்ச் சட்டம் அப்படி.

கேள்வி: அமெரிக்காவில் இதற்கென்றே தனிக் கோர்ட் இருக்கிறதாமே?

இருக்கிறது. 1989இல் மயாமியில் முதலாவது ஆரம்பித்தது. ஒரே நீதிபதி ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பார், முன்னறிவிப்பில்லாமல் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கும், ஒழுங்காக இருந்தால் பாராட்டு, தவறினால் படிப்படியாகத் தண்டனை. இங்கே அந்த ஏற்பாடு இல்லை. சிறுநீர்ப் பரிசோதனை வைத்துத் துரத்துகிற ஆளும் இல்லை. இருந்தாலும் கவனம் வேண்டும், தொடர்ந்து கஞ்சா அடித்தவருக்கு நிறுத்திப் பல வாரம் கழித்தும் சிறுநீரில் தெரியலாம். "விட்டுவிட்டேன்" என்று சொல்லும்போது கடைசியாக எப்போது என்றும் டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்கிவிடுங்கள். அந்த ஊர் முறையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான், ஒரே நீதிபதி. இங்கே இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுகிறார்கள், புதிதாக வருபவருக்கு உங்கள் பையன் ஒரு நம்பர். அதனால்தான் காகிதம் காகிதம் என்று அடித்துக்கொள்கிறேன்.

கேள்வி: பொங்கலுக்குச் சிராவயல் மஞ்சுவிரட்டு. போகலாமா?

உத்தரவைப் பாருங்கள். எல்லை தாண்டக் கூடாது என்று இருந்தால் அனுமதி வாங்காமல் போகாதீர்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றால் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் போன வருஷம் ஒருவர் என்னிடம் இதையே கேட்டார், ஆறு மாதமாகச் சுத்தமாக இருந்தவர், மாடு பிடிக்கிற வயதுமில்லை, பார்க்கத்தான். யாரோடு போகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று பேரைச் சொன்னார். மூன்றுமே பழைய கூட்டாளிகள். "மச்சானோட போங்க, பொழுது சாயுறதுக்குள்ள பஸ் ஏறிடுங்க" என்றேன். மச்சானோடுதான் போனார். மறுநாள் வாய்தாவுக்குப் பத்து மணிக்கே வந்துவிட்டார், சட்டையில் இன்னும் செம்மண்.